அப்பாவின் ஆர்.பி.எம். மீட்டர்

எங்கள் அப்பா பழைய காருக்கு ஆர்.பி.எம். மீட்டர் வைத்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் சந்தேகம்.

நான் பொதுவாகவே சந்தேகப் பிராணி. ஆறாம் வகுப்பு படிக்கும்போதே, டீச்சர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் சிரித்துப் பேசினால் பரீட்சை வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் இந்தத் தடவை சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது. எங்கள் கார் அந்தக் காலத்து வண்டி. கியர் கம்பு ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். முன்சீட் பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டரெல்லாம் அதற்குக் கிடையாது. வேண்டும் என்று யாரும் நினைத்ததும் இல்லை. சத்தத்தைக் கேட்டுக் கியர் மாற்றத் தெரியாதவன் வண்டியைத் தொடவே கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரே எங்கள் அப்பாதான்.

அப்பாவுக்குச் சோமனூரில் விசைத்தறிக் கூடம் இருந்தது. வீட்டை ஒட்டியே கூடம். எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடும்போது, எந்தத் தறி தப்பாக அடிக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள்கூட அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திக் கேட்கச் சொல்வார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. வாரம் முழுக்க அவர் தறிகளுக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். அன்றைக்கு மட்டும் காரும் அப்பாவும் எனக்குச் சொந்தம்.

மீட்டர் வைத்தது கோயம்புத்தூர் உக்கடத்தில், ஒரு பாய் கடையில். நானும் கூடப் போயிருந்தேன். டாஷ்போர்டுத் தகரத்தில் ஓட்டை போட அப்பாவுக்கு மனசு வரவில்லை. அதனால் பாய் ஒரு பட்டையை வளைத்து, மீட்டரை டாஷ்போர்டுக்கு மேலே, அப்பாவின் கண்ணுக்கு நேராக நிறுத்தினார். அதிலிருந்து ஒரு ஒயரை எஞ்சின் பக்கம் இழுத்து மாட்டினார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முள் துள்ளியது. "ஏனுங்க, இந்த வண்டி கத்தறது ஊருக்கே கேக்குமே. இதுக்கு முள்ளு எதுக்குங்க?" என்று பாய் பானட்டுக்குள் குனிந்தபடியே கேட்டார். அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கியர் மாற்ற வேண்டிய இடத்தில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போடச் சொன்னார்.

அம்மாவின் தம்பியான என் மாமாதான் முடிச்சை அவிழ்த்தார். "மச்சான் வண்டிய விக்கப் போறாரு கண்ணு. இந்த மாதிரி ஒண்ண மாட்டி வெச்சா, பழைய வண்டி தேடற பசங்க கொத்திக்கிட்டுப் போயிருவாங்க." மாமா சொல்வதெல்லாம் குத்துமதிப்புதான். ஆனாலும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரியே சொல்வார். கார் போனால் என் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் சாட்சியாகத் தெரிந்தது. செல்போன் அடித்தால் அப்பா எடுப்பதில்லை, அம்மாவிடம் நீட்டிவிடுவார். பேரம் பேசுகிறவனிடம் எனக்கு முன்னால் எப்படிப் பேசுவார்? சாலையில் பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் வழி விடமாட்டார். விற்கப் போகிறவருக்கு வந்த திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா எதைச் சொல்வதானாலும் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு எதிரே நின்று சொன்னார். இது கூட்டுச் சதி. போகும்போதும் வரும்போதும் பின்சீட்டிலிருந்து, "காரை விக்கப் போறீங்களாப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருதரம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படிப் பதில் சொல்லும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சென்னிமலைக்குப் போனோம். அம்மா முன்னால், நான் பின்னால். மலைப்பாதையில் பாதி ஏறும்போது மீட்டர் முள் பொத்தென்று சைபரில் விழுந்தது. ஒரு வளைவுக்காக அப்பா முதல் கியருக்கு இறக்கியிருந்தார். வளைவு தாண்டி, ஏற்றம் குறைந்த பிறகும் அதே கியரில் மிதித்துக்கொண்டு போனார். வண்டி அலறியது. நடந்து போகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அப்பா மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டி முள்ளை எழுப்பப் பார்த்தாரே தவிர, கியரைத் தொடவில்லை. வண்டியைக் கெடுத்துவிட்டு, கெட்டுப்போனதால்தான் விற்கிறேன் என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. "கியர் மாத்துங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பவே இல்லை.

தறி ஓடுகிற வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். கத்தினாலும் எட்டாதபோது கையால் பேசுவோம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து என்று அர்த்தம். விரலைச் சுழற்றினால் நூல் தீர்ந்துவிட்டது, மாற்று என்று அர்த்தம். அம்மா அப்பாவின் கண்ணுக்கு முன்னால் கையை நீட்டி விரலைச் சுழற்றினார். அப்பா உடனே கியர் மாற்றினார். காருக்குள் தறிச் சைகை எதற்கு என்று நான் கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தேன். சதிகாரர்களுக்குள் ஏதோ ரகசியக் குறி.

மேலே போய் பானட்டைத் திறந்து பார்த்தால் ஒயர் முனை அறுந்து கிடந்தது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் விடுவதாக இல்லை. போலீஸ்காரர் மாதிரி அவர் எதிரே போய் நின்று, கண்ணைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டேன். அப்பா என் வாயையே பார்த்தார். "விக்கறதா? என்ற வண்டியவா? ஆரு அம்மணி சொன்னது, உன்ற மாமனா?" என்று சிரித்தார். "நான் இருக்கற வரைக்கும் விக்க மாட்டேன், போ."

நேருக்கு நேர் நின்று மிரட்டியதால் உண்மையைக் கக்கிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. அதற்கு முன்னால் நான் கேட்ட எதுவும் அவரை எட்டவே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. தறிச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. காதால் பேர் வாங்கிய மனிதர் அதை வெளியே சொல்லக் கூசினார். நான் கல்லூரி முடித்த பிறகு, ஒருவழியாகக் காது மெஷின் மாட்டிக்கொள்ள அவர் சம்மதித்த அன்றுதான் அம்மா இதை எனக்குச் சொன்னார்.

சென்னிமலைக்குப் போன அன்றைக்கு, மலை இறங்கும்போது அம்மா என்னை முன்னால் அழைத்து நடுவில் உட்கார வைத்தார். "வண்டி ரொம்பக் கத்துச்சுன்னா என்ற கைல ஒரு தட்டுத் தட்டோணும். உன்ற காது எப்பிடின்னு பாக்கலாம்" என்றார் அப்பா. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் என்று மனம் குளிர்ந்துபோனேன். சோமனூர் வரும்வரை எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதையும் நான் காதில் வாங்கவில்லை. நான் தட்டும்போதெல்லாம் அவர் கியர் மாற்றினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும், அடுத்த வாரம் உக்கடம் போய் ஒயரைச் சரிசெய்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். மறுபடி அந்த முள் எழுந்துவிட்டால் முன்சீட்டில் எனக்கென்ன வேலை? வேண்டவே வேண்டாம் என்று அவர் முன்னால் நின்று அழுது அடம்பிடித்தேன். அப்பா வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.