பெரிய தட்டுக்கு முப்பத்து மூன்று

உழவர்கரையில் எங்கள் குடும்பத்துக்கு மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அந்த வட்டாரத்தில் எங்கள் செட்டுதான் போகும். எனக்குக் காது உண்டு என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சும்மா சொல்லவில்லை. அப்போதெல்லாம் கிராமத்து விசேஷங்களில் கரண்டு குறைந்தால் ரெக்கார்டு பிளேயர் மெதுவாகச் சுற்றும், பாடுகிறவர் குரல் ஒரு பொட்டு தடித்துவிடும். பந்தலில் வேறு யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நான் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அதைச் சரி செய்துவிட்டு வருவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது அந்தக் காதுக்கு நேர்ந்த அவமானம்.

இரண்டாயிரம் பிறந்தபோது எல்லாம் சி.டி. ஆகிவிட்டது. பிளேயர்கள் பரணில் ஏறின. நான் சேதராப்பட்டில் தகரம் அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மெஷினுக்குப் போனேன். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மேலிருந்து இறங்கும் இரும்பு ஒரு அடி அடிக்கும், தகரத்தை எடுத்து அடுத்ததை வைக்க வேண்டும், மறுபடி அடிக்கும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் ஆறு மாதம் வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் யோசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதன் நான்கு பெரிய இசைத்தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வந்தான். பாலிடெக்னிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், டவுன்காரன். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். பாதிக் குடும்பம் பாரிசில் இருந்தது. அங்கிருந்த மாமா பையன், கேட்டு அலுத்துப் போன தட்டுகளை இவன் தலையில் கட்டியிருந்தான். யாரோ ஒரு ஜப்பான்காரர் தனியாக மெஷின்களை வைத்துக்கொண்டு செய்த டெக்னோ இசை, அதிலும் முரட்டு வகை என்று போனில் சொன்னானாம். தட்டின் நடுவே வெறும் வெள்ளைத் தாள், அதில் ஜப்பான் எழுத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. வேறு விவரம் கிடையாது. என் சிநேகிதனிடம் பிளேயரும் கிடையாது. எங்கள் பரணில் மூன்று கிடந்தன.

ஒன்றை இறக்கி, பெல்ட் மாற்றி, முள்ளைத் துடைத்தேன். வேகத்துக்கு ஒரு குமிழ் உண்டு. எங்கள் தொழிலில் அதில் யோசிக்க எதுவுமே இல்லை. பெரிய தட்டுக்கு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டுக்கு நாற்பத்தைந்து. கை தானாகப் போகும்.

முள் இறங்கியதும் நான் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு இல்லை, குரல் இல்லை, எனக்குத் தெரிந்த எந்த வாத்தியமும் இல்லை. ஒரு அடி. பிறகு ஒரு இடைவெளி. மறுபடி ஒரு அடி. அடிக்குப் பின்னால் இரும்பு உரசுகிற மாதிரி ஏதோ இழுபட்டது. கனமாக, அவசரமே இல்லாமல் வந்தது. அது என் பிரஸ். அடிக்கும் அடிக்கும் நடுவே தகரத்தை எடுத்து வைக்க எனக்குக் கிடைக்கும் நேரம் அப்படியே அதில் இருந்தது.

வளர்பிறையில் செட்டு வீட்டில் தங்காது. தேய்பிறையில் கல்யாணம் இல்லை, எல்லாம் சும்மா கிடக்கும். தேய்பிறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் இருவரும் கடையில் உட்கார்ந்து அந்த எட்டுப் பக்கத்தையும் கேட்போம். ஒரு நாள் என் கண்டுபிடிப்பை அவனிடம் சொன்னேன். "இந்த ஆளு கம்பெனில நின்னவரு மச்சான். பிரஸ்ல கை வெச்சவனுக்குத்தான் இந்த எடைவெளி தெரியும்." அவன் சிரிக்கவில்லை. "இருக்கும்டா," என்றான். வேறு ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அதற்குப் பிறகு வேலை மாறிவிட்டது, எனக்குள்தான். பிரஸ் முன்னால் நிற்கும்போது பாட்டுக்குள் நிற்பதாக இருந்தது. காதில் இயர் பிளக் வைக்கச் சொல்லி சூப்பர்வைசர் கத்துவார். அவர் தலை மறைந்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். மூன்று வருஷம் அந்த வேலையில் நான் தாக்குப் பிடித்தது இதனால்தான்.

நடுவில் என் சிநேகிதன் தன் அக்கா கல்யாணத்துக்கென்று பாரிசுக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தான். வந்த பிறகும் பழையபடி மத்தியானங்களில் வருவான், கேட்பான், தலையாட்டுவான். ஒரு முறை அவன் கை குமிழ்ப் பக்கம் போய்த் திரும்பியது. "இன்னாடா?" என்றேன். "தூசி," என்றான். நானும் துணியை எடுத்துத் துடைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் துணியால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு வருஷம் கழித்து, கடற்கரைப் பக்கம் பழைய வீட்டைக் கெஸ்ட் ஹவுஸ் ஆக்கியிருந்த அவனுக்குத் தெரிந்தவர்கள் ஒரு சாயங்காலம் இந்தத் தட்டுகளைக் கேட்க ஆசைப்படுவதாகச் சொன்னான். "உன் செட்டு, உன் பிளேயர். நீதான்டா போடணும்." சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். தோட்டத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள், பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். குமிழை முப்பத்து மூன்றில் வைத்து முள்ளை இறக்கினேன். என் அடி விழுந்தது. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள். ரொம்ப வருஷமாக இங்கேயே இருக்கும் ஒரு பிரெஞ்சு அம்மா, நல்ல தமிழில், பிரியமாகவே கேட்டார்: "நீங்கதானா அந்த பிரஸ் கம்பெனித் தம்பி?"

எனக்குப் புரிவதற்குள் அவன் வந்து என் தோளில் கை போட்டு, குமிழை நாற்பத்தைந்துக்குத் தள்ளினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி கொட்டியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் விளிம்பு வந்திருந்தது, தொட்டால் கையைக் கிழிக்கும். இதுதான் சரி, பெரிய தட்டானாலும் இவை நாற்பத்தைந்துக்கென்றே செய்தவை என்று இரண்டு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. காது உள்ளவன் அல்லவா. அழுகை வந்தது, கோபம் அதை முந்திக்கொண்டு வந்தது.

ஆனால் மைக் செட்காரன் எந்தச் சண்டையிலும் விசேஷம் முடியாமல் செட்டை நிறுத்த மாட்டான். தாலி கட்டும் நேரத்தில் சம்பந்திகள் அடித்துக்கொண்ட கல்யாணத்திலும் நாங்கள் நிறுத்தியதில்லை. எட்டுப் பக்கத்தையும் நானே திருப்பித் திருப்பிப் போட்டேன், நாற்பத்தைந்தில்.

ஒயரைச் சுற்றும்போதுதான் பேசினோம்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வருஷம். மாமா பையன் வூட்டுல போட்டுக் காட்னான்."

"ஒரு வருஷமா எங்கூட ஒக்காந்து தலையாட்டினியேடா."

"உனக்கு அப்படியே புடிச்சிருந்துச்சு. சொன்னா மனசு ஒடஞ்சிடுவன்னு வுட்டுட்டேன்."

"அப்ப இவங்ககிட்ட ஏன் சொன்ன?"

அவன் கையிலிருந்த ஒயரைச் சுற்றி முடித்துக் கட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததைக்கூட மன்னித்திருப்பேன். என்னிடம் மட்டும்தான் மறைத்தான். ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டான், அதுவும் நான் அவனை நம்பிச் சொன்ன பேச்சையும் சேர்த்து.

"தட்ட நீயே வெச்சுக்கடா," என்றான். வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் முப்பத்து மூன்றில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கரண்டு குறைந்த ஊரில் தடித்துப் போன குரலாக இருந்தது. அப்படி ஒரு குரலைக் கேட்டால் பந்தியிலிருந்து எழுந்து போய்ச் சரி செய்தவன் நான். நாற்பத்தைந்தில் வைத்தால் அந்தத் தோட்டத்துக் கைதட்டல் கேட்டது. தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு பஸ் பிடித்தேன்.

பிரஸ் அடித்தது. தகரத்தை எடுத்தேன், வைத்தேன், மறுபடி அடித்தது. வெறும் சத்தம். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சூப்பர்வைசரிடம் நானே போய் இயர் பிளக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.