ஸ்கோரைச் சொல்லாதேங்கோ

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பேஸ்போல் ஆட்டத்தின் முடிவை என் கணவருக்கு யாரும் சொல்லக்கூடாது. அவருக்குப் பேக்கரியில் இரவு வேலை. ரொறன்ரோ அணி ஆடும் நேரத்தில் அவர் அங்கே மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஆட்டம் வீட்டு ரிவியில் பதிவாகும். காலையில் வந்து குளித்து, தேநீரோடு உட்கார்ந்து பார்ப்பார். முதல் நாளே பார்த்துவிட்ட நானும் ஒன்றும் தெரியாதவள்போல் பக்கத்தில் இருந்து இன்னொரு தடவை பார்ப்பேன்.

இந்தச் சட்டத்துக்குப் பெரிய எதிரி செய்திக்காரர்கள்தான். கேட்காமலே போனில் வந்து விழுவார்கள். "ரசிகர்களின் நெஞ்சு நொறுங்கியது" என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? அவர் போனை நிறுத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அணியின் தொப்பி போட்டவர் பக்கத்தில் வந்து இருந்தால் இடம் மாறிவிடுவார்.

எனக்கு ரிவியில் கதைப்பவர்கள் மேல் இன்னும் கோபம். ஒரு பந்தை நழுவவிட்டால் அந்த ஆட்டக்காரப் பிள்ளையை ஒரு கிழமைக்கு வைத்து வறுப்பார்கள். மைதானத்தில் இருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நேற்று வாழ்த்திய வாயாலேயே இன்று 'பூ... பூ...' என்று ஏளனமாய்க் கத்துவார்கள். ரயிலில் இடம் பிடிக்க, ஆட்டம் முடியமுதலே எழும்பிப் போவார்கள். நாங்கள் இருவரும் ஒருநாளும் அப்படிப் பாதியில் எழும்பியதில்லை.

போன வருடம், தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற ஆட்டத்தன்று, அவர் இதய சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் அறை ரிவியை நிறுத்தி, தாதியிடமும் சொல்லிவைத்தேன். அணி தோற்றது. வெளியே நின்று போனில் பார்த்து அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் அவரோடு வேலை செய்யும் நண்பர் சூப்போடு வந்தார். வாசலில் கண்டதுமே இவர் கையை உயர்த்தினார்.

"ஐசே, அங்காலை திரும்பி நில்லும். உம்மடை முகமே ஸ்கோரைச் சொல்லிப்போடும்."

பாவம், அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடி நின்று சுகம் விசாரித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நண்பர் போனபிறகு இவர் என்னிடம், "வீட்டை போய் ரெண்டுபேருமா இருந்து பாப்பம். நீர் பாத்திட்டீர் எண்டு தெரியும். சொல்லாதையும்," என்றார்.

"ஓம், சொல்லமாட்டன்."

அவர் வீட்டுக்கு வரவேயில்லை. நான் வாக்குத் தவறவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. அந்த ஆட்டம் இன்னும் ரிவியில் கிடக்கிறது. இடமில்லை, பழையதை அழி என்று அது கேட்கும்போதெல்லாம் மற்றவற்றை அழிக்கிறேன்.

ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் அவரைப் பார்வைக்கு வைத்தோம். எங்கள் சனம் கொஞ்ச நேரம் கும்பிட்டு நின்றுவிட்டு, பிறகு கதிரைகளில் இருந்து வீட்டுவிலை, பிள்ளைகளின் படிப்பு என்று கதைக்கத் தொடங்கும். அது வழமை; நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேக்கரி ஆட்கள், அவருடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து, அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உவன் கடைசிப் பந்தைப் பிடிச்சிருந்தா..." என்று ஒருவர் தொடங்கினார்.

நான் எழும்பிப் போனேன்.

"மெல்லக் கதையுங்கோ. அவர் இன்னும் பாக்கேல்லை."

சூப்போடு வந்த நண்பர் எழும்பினார். பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார்.