கேட்டில் தொங்கிய கேரட் டப்பா

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரவர, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டோம். குடியிருந்தவர்கள் எல்லாம் தெற்கத்திப் பையன்கள், ஷிப்டுக்குப் போய் வருகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே கேட். அதன் பக்கத்தில் எங்கள் நாய். நேர் மேலே, மாடியில் என் படுக்கையறை ஜன்னல்.

ராத்திரி நாய் குரைத்தால் நான் விழித்துக்கொள்வேன். விழித்தால் சும்மா இருக்க மாட்டேன். ஜன்னலைத் திறந்து, வந்தவன் யாராக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுப்பேன். செகண்ட் ஷிப்ட் முடிந்து வருகிறவன் வேறு எப்போதுதான் வருவான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் வாய்க்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாய் விஷயத்தில் மட்டும் நான் வேறு ஆள். லாப்ரடார் கலப்பு, குட்டியிலிருந்து வளர்த்தது. கேரட்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பேன். கோழி என்றால் உப்புப் போடாமல் வேகவைத்து, எலும்பு எடுத்து. ஆப்பிள் என்றால் விதை நீக்கி. "எனுக்குகூட நீ இப்டி அரிஞ்சி குட்த்தது இல்ல" என்பார் என் வீட்டுக்காரர். வெங்காயம், திராட்சை, சாக்லெட் எதுவும் அதன் கிட்டே போகக்கூடாது. நாய் வளர்க்கிற அக்கம்பக்கத்தாருக்கு இதையெல்லாம் கேட்காமலே பாடம் எடுப்பேன்.

அப்படியிருந்தும் நாய் பெருத்துக்கொண்டே போனது. குரைப்பதும் குறைந்தது. வயசாகிறது, சாதுவாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் காலை விடாமல் வாந்தி எடுத்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். தினமும் தின்பண்டம் என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கேரட்டில் ஆரம்பித்து எனக்குத் தெரிந்த பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாய் அங்கே எடுத்த வாந்தியைக் காட்டினார். சாக்லெட் க்ரீம் பிஸ்கெட். கணையம் கெட்டிருக்கலாம், பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

வீடு வந்ததும் நேராக அறைகள் முன்னால் போய் நின்று, எவன் என் நாய்க்கு விஷம் வைத்தது என்று கத்தினேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருத்தன் இல்லை, எல்லோருமேதான். ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் பிஸ்கெட் கொடுப்பதாக நினைத்திருக்கிறான். மூன்று ஷிப்டிலும் நாய் டியூட்டி பார்த்திருக்கிறது.

"இன்னாத்துக்குடா குட்த்தீங்க?" என்றேன்.

இருப்பதிலேயே மூத்தவன், திருநெல்வேலிக்காரன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அது கொரைச்சா நீங்க முழிச்சு ஏசுவீங்கல்லா, அக்கா. நாய்க்குப் பயந்து குடுக்கல. உங்களுக்குப் பயந்துதான் குடுத்தோம்."

 எனக்கு வெட்கமாகிவிட்டது. நாய்க்கு விதை நீக்கி ஆப்பிள் கொடுத்த அதே கையால்தான் ஜன்னலைத் திறந்திருக்கிறேன். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த பையன்கள், தங்கள் பசிக்கு வாங்கிய பிஸ்கெட்டை எனக்குக் கப்பமாகக் கட்டியிருக்கிறார்கள்.

நாய் பிழைத்தது. கேட்டில் ஒரு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டேன். தினமும் அதில் கேரட், வெள்ளரித் துண்டுகளை நானே போட்டு வைத்தேன். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க வேண்டாம், பிஸ்கெட் கூடவே கூடாது என்று சொன்னேன். இனி யாரையும் திட்ட மாட்டேன் என்றும் சொன்னேன். சொன்னபடி திட்டவும் இல்லை. பரிகாரம் செய்துவிட்ட நிம்மதியில் இருந்தேன்.

சில மாதம் கழித்துப் புதிதாக ஒருவன் குடிவந்தான். சாயந்திரம் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கேட்டருகே திருநெல்வேலிக்காரன் அவனுக்கு டப்பாவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள வரும்போது ஒரு துண்டு போட்டுரு, மறந்துராத. நாய் ஒண்ணும் செய்யாது. அக்கா முழிச்சிரக்கூடாது, அவ்வளவுதான்."

புதியவன் தலை நிமிர்ந்து மேலே பார்த்தான். துணியோடு சட்டென்று கீழே குனிந்து, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.