ஒரு குதிகால் மட்டும் தொட்ட பலகை

அந்தப் பலகை எங்கள் அங்கன்வாடிக்கு வந்த அன்று, இதை எந்த மூலையில் வைப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து நீளம் பார்க்கும் பலகை. ஒரு முனையில் தலை முட்டும் தடுப்பு அசையாமல் நிற்கும். மறுமுனையில் பாதத்தைத் தொடும் கட்டை முன்னும் பின்னும் நகரும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திக் கால்களை நீட்டி, இரண்டு குதிகாலும் கட்டையில் படிந்த பிறகு எண்ணைப் படிக்க வேண்டும். இரண்டு வயதுவரை எல்லாக் குழந்தைகளையும் இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஊரில் அது எடுபடவில்லை. முதல் மாதமே மாதா கோயில் தெருப் பெண் ஒருத்தி, "இன்னா டீச்சர், பெட்டிக்கு அளவு எடுக்குற மாதிரி கெடத்துறீங்க?" என்று பிள்ளையை வாரிக்கொண்டு போய்விட்டாள். மற்றத் தெருக்களிலும் அதே கதைதான். பலகையில் கிடத்துவதும் காலைச் சேர்த்துப் பிடிப்பதும் சாவு வீட்டை ஞாபகப்படுத்தின, அதை வாயால் சொல்லக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு ஊர்ச் சண்டை வேண்டாம், வேலை முடிந்தால் போதும். பலகை அரிசி மூட்டைக்குப் பின்னால் போயிற்று. சுவரில் ஒட்டியிருந்த அளவுநாடாவின் முன்னால், எனக்கு உதவிக்கு இருக்கும் ஆயாம்மா குழந்தைகளின் அக்குளில் கைகொடுத்து நிறுத்துவார். நான் எண்ணை எழுதுவேன். நிறுத்தி அளந்தாயிற்றே என்று வளர்ச்சி அட்டையில் 'நிற்கிறது' என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டுவிடுவேன். யோசித்துப் போட்டதில்லை, கை தானாகப் போட்டது.

அந்தக் குழந்தைகளில் ஒன்றின் தாயை நாங்கள் குவாலிட்டி அம்மா என்போம். ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், செய்த பாகங்களை அளந்து பார்த்து அனுப்புவது அவள் வேலை. ஷிப்டும் ஓ.டி.யுமாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவாள் என்பதால், அவளுடைய பெண் குழந்தையை மாதாமாதம் நாத்தனார்தான் எங்களிடம் தூக்கிவருவார். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆனபோது, ஒரு வார லீவில், முதல் முறையாக அவளே வந்தாள். ஆயாம்மா குழந்தையை நிறுத்தினார். நான் பேனாவை எடுத்தேன்.

"ஒரு தபாதான் அளப்பீங்களா டீச்சர்?" என்றாள். "எங்க லைன்ல ஒரு பீஸை நான் மூணு தபா அளப்பேன். அப்பால இன்னொரு பொண்ணு என் நம்பரைப் பாக்காமலே அளக்கும். ரெண்டும் ஒத்துவரலன்னா பீஸை ஓரமா வெச்சிடுவோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வேலையை எனக்கே சொல்லித்தர வந்துவிட்டாளே! "இது ஒண்ணும் போல்ட்டு இல்லம்மா. குழந்தை ஆடும், அழும்" என்றேன்.

"போல்ட்டு ஆடாமதான் கீது டீச்சர். அதையே மூணு தபா அளக்குறோம்."

ஆயாம்மாவிடமும் ஒரு சீட்டை நீட்டினேன். அவள் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, நானும் ஆயாம்மாவும் தனித்தனியாக அளந்து ஆளுக்கொரு சீட்டில் எழுதினோம். இரண்டு விரற்கடை வித்தியாசம் வந்தது. ஆயாம்மா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அவளோ சீட்டுகளைப் பார்க்கவே இல்லை. குனிந்து குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டது.

"கார்டுல நிக்குதுன்னு போட்டு கீதே டீச்சர்" என்றாள், குரலை உயர்த்தாமல். "நாலு மாசமா போட்டு கீது. வூட்ல நிக்கவே மாட்டேங்குது. பால்வாடில நிக்குற புள்ள வூட்ல ஏன் நிக்காது, நீங்கதான் இடுப்பவுட்டு எறக்காம கெடுக்குறீங்கன்னு நாத்தனாரோட சண்ட போட்டுகினு இருந்தேன்."

தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அவள் நம்பியது என் டிக்கை.

மூட்டைக்குப் பின்னாலிருந்து பலகையை இழுத்துத் தூசி தட்டினேன். அவளே குழந்தையைப் படுக்கவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால்களை அழுத்திக் கட்டையை நகர்த்தினேன். வலது குதிகால் தொட்டது. இடது குதிகால் தொடவில்லை, அரை விரற்கடை பின்னால் நின்றது. மறுபடி நீட்டிப் பார்த்தேன். ஆயாம்மாவும் பார்த்தார். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். தொடை எலும்பின் தலை பிறந்ததிலிருந்தே இடுப்புக் குழியில் சரியாக உட்காரவில்லை என்றார் டாக்டர். கைக்குழந்தையாக இருந்தபோதே தெரிந்திருந்தால் ஒரு பட்டை கட்டியே சரியாகியிருக்கலாமாம். இனி ஆபரேஷன், இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. "அங்கன்வாடியில பாக்கலையா?" என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "பாத்தாங்க சார். அளவு தப்பாயிடுச்சு" என்றாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நன்றாகவே நடக்கிறது, ஓடும்போது மட்டும் உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு எங்காவது பார்க்கலாம்போல இருக்கும், இருந்தாலும் பார்ப்பேன். இப்போது நாங்கள் எந்தக் குழந்தையையும் தூக்கி நிறுத்தி அளப்பதில்லை. தாய்மார்களுடன் தினமும் சண்டைதான், போடுகிறேன்.

போன மாதம் குவாலிட்டி அம்மா தன் இரண்டாவது பிள்ளையைத் தூக்கிவந்தாள், மூன்று மாதத்துப் பையன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து இடுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வந்திருந்தாள். அளந்து முடித்தோம். இரண்டு குதிகாலும் படிந்திருந்தன. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்: "அன்னிக்கு நான் ஒழுங்கா பாத்திருந்தா பொண்ணுக்கு கத்தி பட்டிருக்காதும்மா. என்னை மன்னிச்சிடு."

அவள் பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அத வுடுங்க டீச்சர்" என்றாள். "இன்னொரு தபா அளங்க."