வார்டுக்கு ஒரு குரல் போதாது

நர்ஸ் வேலைக்கு ஊசி போடக் கை வேணும், ஓடக் கால் வேணும், திட்டு வாங்கக் காது வேணும்னு ட்ரெய்னிங்ல எல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க. தொண்டையைப் பத்தி மட்டும் ஒருத்தரும் மூச்சு விடல. டெல்லியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட சர்ஜரி வார்டு. அதுல இருபது வருஷத்துக்கு மேல "ஜல்தி ஜல்தி"ன்னும், "பையா, ஸ்ட்ரெச்சரை இங்க தள்ளு"ன்னும் கத்திக் கத்தித் தேஞ்ச தொண்டை என்னோடது. போதாததுக்கு எனக்கு இன்னொரு வியாதி வேற. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டிருவேன். திண்டுக்கல் கான்வென்ட்ல மதர் மாதிரி பேசி மதர் முன்னாடியே முட்டி போட்டவ நான்.

போன வருஷம் அந்தத் தொண்டையிலயே கத்தி வைக்க வேண்டி வந்துச்சு. குரல் திரும்பி வருமா வராதான்னு தெரியாம நான் அல்லாடின கதைதான் இது. மாஸ்க்குக்குள்ளயே கொட்டாவி விட்டு, மெட்ரோ கம்பியைப் பிடிச்சுக்கிட்டே தூங்குற என் இனமே, உங்களுக்கு இது சட்டுன்னு புரியும்.

ஒன்பதாம் பெட்டோட இருமல்

ஷிப்ட் மாறும்போது, வர்றவங்ககிட்ட ஒவ்வொரு பேஷன்ட்டைப் பத்தியும் சொல்லி ஒப்படைக்கணும். அதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு 'ஓவர் குடுக்கிறது'. வர்றவளுக்குப் பாதி தூக்கம், போறவளுக்குப் பாதி உசுரு. சும்மா சொன்னா எதுவும் மண்டையில ஏறாது. அதனால நான் பேஷன்ட் மாதிரியே பேசிக் காட்டி ஓவர் குடுப்பேன். நாலாம் பெட் மாத்திரையைப் பார்த்ததும் எப்படி மூஞ்சியைத் திருப்பும், ஏழாம் பெட் வலியை மறைக்கும்போது எப்படிச் சிரிக்கும், எல்லாம். அதை ஒருத்தியும் மறக்க மாட்டா.

ஒரு நாள் ஒன்பதாம் பெட் தாத்தாவோட இருமலைச் செஞ்சு காட்டிக்கிட்டிருக்கேன். எதிர்ல நின்ன பொண்ணுங்க மூஞ்சி திடீர்னு செத்துப்போச்சு. திரும்பினா மேட்ரன் மேடம். ஹரியானாக்காரங்க. அவங்க நடந்து வந்தா ட்ரிப் ஸ்டாண்டுகூட நேரா நிக்கும். எனக்கு மெமோ உறுதின்னு நினைச்சுக்கிட்டேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு மெதுவா சொன்னாங்க: "தப்பு. அவரு இருமி முடிச்சதும் கடைசியில ஒரு 'ஹாய் ராம்' வரும். அதை விட்டுட்ட."

பென்டிங் மாத்திரை

கரோல் பாக்லேர்ந்து ஒரு சாமிநாதன் சார் வந்து சேர்ந்தாரு. ரிட்டையரான கவர்ன்மென்ட் ஆளு. ஆபரேஷனுக்கு அப்புறம் சில வயசானவங்களுக்குப் புத்தி கொஞ்ச நாள் தடம் மாறிப் போகும். இவருக்கும் அப்படித்தான். ட்யூபைப் புடுங்குறாரு, மாத்திரையைத் துப்புறாரு, கிட்டப் போனா அடிக்கிறாரு. அவர் சம்சாரம் கட்டிலோரமா நின்னு "ஏன்னா, ஏன்னா"ன்னு கெஞ்சி அழறாங்க. "மாமி, சார் யார் சொன்னா கேப்பாரு?"ன்னு கேட்டேன். "ஆத்துல யார் சொன்னாலும் கேக்க மாட்டார்மா. ஆபீஸ்ல ஒரு பஞ்சாபி ஆபீசர் இருந்தார், மூக்காலயே பேசுவார். அவர்னா இவருக்கு சொப்பனத்துலகூட நடுக்கம்"னு சொல்லி, மாமியே பேசிக் காட்டினாங்க. அடடா, நம்ம ஜாதி!

அடுத்த வேளை நான் கதவோரமா நின்னு மூக்கால ஒரு அதட்டு போட்டேன். "அரே சாமிநாதன்! இந்த மாத்திரை ஏன் இன்னும் பென்டிங்?" மனுஷன் தலையணையிலேர்ந்து நிமிர்ந்தாரு. "எஸ் சார், இதோ க்ளியர் பண்ணிடறேன் சார்." ஒரே முழுங்கு. அன்னையிலேர்ந்து புத்தி தெளியற வரைக்கும் பஞ்சாபி ஆபீசர் எங்க வார்டுல வேளை தவறாம டூட்டி பார்த்தாரு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாமி என்னை லிஃப்ட் பக்கம் தள்ளிக்கிட்டுப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொல்லி ஒண்ணு கேட்டதில்லைம்மா. அந்தக் குரலை எனக்கும் சரியா கத்துக் குடுத்துட்டுப் போயேன்."

கழுத்தைப் பார்த்தவ

என்கூட வேலை பார்க்குற லிசி, கேரளாக்காரி. நான் என்ன செஞ்சாலும் முதல்ல சிரிக்கிறது அவதான். ஒரு மத்தியானம் டீ ரூம்ல நான் யாரையோ செஞ்சு காட்டிக்கிட்டிருக்கேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, லிசி மட்டும் சிரிக்கல. டீயைக் கையில குடுத்து, "குடிங்க"ன்னா. குடிச்சேன். "இன்னொரு வாய்." குடிச்சேன். எழுந்து வந்து என் கழுத்துல விரலை வச்சா. முழுங்கும்போது மேலயும் கீழயும் போய் வர்ற ஒரு கட்டி. கண்ணாடியில தினம் பார்க்குற கழுத்துதான். "வீங்கினா உடனே காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னு ஊருக்கெல்லாம் சொல்ற வாய்தான். நான் பேச்சை மாத்தப் பார்த்தேன். லிசி விடல. "சேச்சி, எல்லாரும் உங்க வாயைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. எனக்குக் கழுத்துதான் தெரியுது."

டாக்டரோட சொந்தக் குரல்

ஸ்கேன் எடுத்தாங்க, ஊசி வச்சு எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. தைராய்டு கட்டி, கெட்டது இல்ல, ஆனா பெருசு, எடுத்துடணும்னு முடிவாச்சு. சர்ஜன் எங்க வார்டுக்கு வர்றவருதான். பெங்காலி. வாயில ரசகுல்லா வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி உருட்டி உருட்டிப் பேசுவாரு. ஓவர் குடுக்கும்போது அவரையும் நான் விட்டு வச்சதில்ல.

தைராய்டுக்குப் பின்னாடியே குரலுக்குப் போற நரம்பு ஓடுது, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, சில பேருக்குக் குரல் கம்மும், சில பேருக்கு அப்படியே நின்னுடும்னு சொன்னாரு. இதே வார்த்தையை அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு எத்தனை பேருக்கு நான் இந்தியிலயும் தமிழ்லயும் சொல்லியிருக்கேன். எனக்குன்னு சொன்னப்போதான் அதுல எவ்வளவு ஓட்டைன்னு தெரிஞ்சுச்சு. "குரல் எனக்கு ரொம்ப முக்கியம் டாக்டர்"னேன். அவர் ரிப்போர்ட்டை மூடி வச்சுட்டு என்னைப் பார்த்தாரு. "சிஸ்டர், உங்க தொண்டைக்குள்ள என் குரலும் இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஜாக்கிரதையாத்தான் வெட்டுவேன்."

ஜெனி கேட்டது

எங்க வீடு ஆர்.கே.புரம் க்வார்ட்டர்ஸ்ல. வீட்டுக்காரர் சேவியருக்கு கவர்ன்மென்ட் வேலை. பொண்ணு ஜெனி இங்கயே பொறந்து வளர்ந்தவ, காலேஜ் படிக்கிறா. தமிழ்ல ஆரம்பிச்சு இந்தியில இறங்குவா. சின்னதுல நான் ஈவினிங் டூட்டிக்குக் கிளம்பினா வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. அதனால போன்ல நரி, கரடி, குரங்கு குரல்லயெல்லாம் கதை பேசிப் பதிஞ்சு வச்சுட்டுப் போவேன். அவ அப்பாவைக் கட்டிக்கிட்டு அதைக் கேட்டுத்தான் தூங்குவா. என் பொண்ணுக்கு அம்மா மடியைவிட நரியோட குரல் நல்லா பழக்கம்.

அட்மிட் ஆகுறதுக்கு முந்தின சாயங்காலம் போனை நீட்டிக்கிட்டு வந்து உக்காந்தா. "மம்மி, ரெக்கார்ட் பண்ணலாம்." எதுக்குன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. நான் குஷியாக் கிளம்பினேன். மேட்ரன், பஞ்சாபி ஆபீசர், கீழ்வீட்டு ஆன்ட்டி, காய்கறி வண்டிக்காரர், சேவியரோட குறட்டை. ஜெனி சிரிச்சுட்டு, போதும்னு கையைக் காட்டினா. "இதெல்லாம் வேணாம். நீ டூட்டிலேர்ந்து வந்ததும் கேப்பியே, 'ஜெனி, சாப்டியா?'ன்னு. அது மட்டும் சொல்லு." இதென்ன பெரிய விஷயம்னு சொன்னேன். எங்கம்மா மாதிரி வந்துச்சு. மறுபடி சொன்னேன். பேஷன்ட்டைக் கேக்குற மாதிரி வந்துச்சு. இன்னொரு வாட்டி சொன்னா, ரேடியோக்காரி மாதிரி. வேர்த்துப்போச்சு எனக்கு. ஜெனி போனைத் தாழ்த்திட்டா. "சப் கீ ஆவாஜ் வருது மம்மி. எல்லாரும் வர்றாங்க. நீ மட்டும் வரல."

எறும்பு

மறுநாள் என் வார்டுலயே, நான் தினமும் போர்வை மாத்துற கட்டில்ல, பின்பக்கம் நாடா கட்டுற கவுனைப் போட்டுக்கிட்டு நான். நம்மள்ல ஒருத்தி பேஷன்ட்டா படுத்தா எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா? கழலாத வளையலுக்கு டேப் சுத்தும்போது "அங்க ஒட்டாதே"ங்குறேன், பி.பி. பார்க்கும்போது "காத்தை மெதுவா இறக்கு"ங்குறேன். லிசி பல்லைக் கடிச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் "சரி சேச்சி". ஊசியைக் கையில எடுத்துட்டு, "சின்ன எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்"னா. குத்தினா. "அடியே, இது எறும்பா?"ன்னு கத்திட்டேன். அவ ஊசியிலேர்ந்து கண்ணை எடுக்காமலே சொன்னா: "இந்தப் பொய்யை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே சேச்சி."

திட்டு இல்லாத வீடு

கண்ணு முழிச்சப்போ டாக்டர், லிசி, காலடியில மேட்ரன். "பேசுங்க சிஸ்டர்"ன்னாரு டாக்டர். டாக்டர் குரல்லயே 'ஆபரேஷன் சக்சஸ்'னு உருட்டலாம்னு ப்ளான் வச்சிருந்தேன். வாயைத் திறந்தா காத்துதான் வந்துச்சு. சைக்கிள் ட்யூப்ல பஞ்சர் ஆன மாதிரி. லிசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நரம்பு அறுபடல, கொஞ்சம் சோர்ந்திருக்கு, குரல் திரும்பலாம், கொஞ்ச நாள் பேசாம இருங்க, அப்புறம் மெதுவா பேசிப் பாருங்கன்னாரு டாக்டர். அந்த 'லாம்'லதான் நான் வீட்டுக்குப் போய் உக்காந்தேன்.

சேவியர் ஆரம்பத்துல சந்தோஷமாத்தான் இருந்தாரு. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா கேக்க ஆள் இல்ல. சமையலறையிலேர்ந்து கூப்பிடணும்னா டம்ளரைக் கரண்டியால தட்டுவேன். பேசிப் பாக்கலாம்னு டாக்டர் சொன்ன நாளும் வந்துச்சு. நான் பேசல. பேசிப் பார்த்து வரலேன்னா? பேசாம இருக்கிற வரைக்கும் குரல் உள்ளதான் இருக்குன்னு நினைச்சுக்கலாமே. சேவியருக்கு அது புரிஞ்சிருக்கணும். ஒரு நாள் ஈரத் துண்டை என் கண்ணு முன்னாடியே கொண்டுவந்து, வேணும்னே தலையணை மேல விரிச்சுட்டு, எதிர்ல உக்காந்தாரு. "ஒரு வார்த்தை திட்டேன் ஸ்டெல்லா. வீடு வீடாவே இல்ல."

கூட்டு கொதிச்சப்போ

அதுக்கும் நான் வாயைத் திறக்கல. ரெண்டு நாள் கழிச்சு, அடுப்புல சொரக்காய்க் கூட்டு கொதிக்குது. ஜெனி பஸ்ல நசுங்கி, வெயில்ல வெந்து, மூஞ்சி கறுத்து உள்ள வந்தா. பேகை எறிஞ்சுட்டு நேரா ரூமுக்குப் போறா. காலையில டிபன் டப்பாவை மறந்துட்டுப் போனது எனக்குத் தெரியும்.

"ஜெனி, சாப்டியா?"

கேட்டது நான்தான்னு எனக்கே கொஞ்சம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. குரலா அது? மணல் லாரி மேடு ஏறுற மாதிரி ஒரு கரகரப்பு. ஜெனி ரூம் வாசல்ல அப்படியே நின்னா. மெதுவாத் திரும்பி வந்து, என் தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டா. கூட்டு அடிபிடிக்கிற வாசனை வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் நகரல. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னா: "ஆவாஜ் பில்குல் கராப், சுத்த மோசம் மம்மி. ஆனா இது நீதான்."

திரும்ப ஓவர்

குரல் கொஞ்சம் கொஞ்சமா தேறுச்சு, ஆனா பழையபடி மேல ஏறல. கணக்குப் பார்த்தா லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பஞ்சாபி ஆபீசர் முன்னைவிட கம்பீரமா வர்றாரு. பெங்காலி டாக்டர் அச்சு அசல். மேட்ரன் மாதிரி மெல்லிசான பொம்பளைக் குரல் மட்டும் வரவே இல்ல.

டூட்டியில சேர்ந்த அன்னைக்கு ஓவர் குடுக்க நின்னேன். பொண்ணுங்க எல்லாம் என் வாயையே பார்க்குறாங்க. நான் ஒவ்வொரு பெட்டையும் தட்டையா, கரகரன்னு, நியூஸ் மாதிரி சொல்லிக்கிட்டே வந்தேன். யாரையும் செஞ்சு காட்டத் தைரியம் வரல. ஒன்பதாம் பெட்ல இப்போ வேற ஒரு இருமல் தாத்தா, சர்தார்ஜி. "ராத்திரி பூரா இருமல்"னு மட்டும் சொல்லிட்டுப் பத்தாம் பெட்டுக்குத் தாவினேன். பின்னாடியிலேர்ந்து ஒரு பெரிய இருமல் கிளம்புச்சு. நெஞ்சுலேர்ந்து இழுத்து, பாதியில சிக்கி, விசில் அடிச்சு, கடைசியில பெருமூச்சோட இறங்குற இருமல். ஒன்பதாம் பெட்டே எழுந்து வந்துட்டாருன்னு திரும்பினேன். மேட்ரன் மேடம். புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு, மூஞ்சியில ஒரு சிரிப்பும் இல்லாம சொன்னாங்க: "இவருக்கு 'ஹாய் ராம்' கிடையாது, 'வாஹே குரு'. உன் தொண்டை சரியாகுற வரைக்கும் இந்த வார்டை நான் பேசுறேன்."

ஆக மொத்தம், தொண்டையில கத்தி வச்சது எனக்கு, குரல் கிளம்பினது மேட்ரனுக்கு.