புக்கிட் புத்துஸ் ஏறிய இரண்டு வண்டிகள்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் டீசல் கட்சி, பெட்ரோல் கட்சி என்று இரண்டு கட்சிகள் இருந்தன. டீசலுக்கு மாமா, பெட்ரோலுக்கு அப்பா. வாங்கப்போகும் வண்டியை இந்த இருவருமே ஓட்டப்போவதில்லை என்பதுதான் வேடிக்கை. அப்பா சுங்கை காடுட்டில் வேலைக்கு மோட்டாரில் போய்வருபவர், கார் லைசென்ஸ் எடுத்ததே இல்லை. அம்மாவின் அண்ணனான மாமாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் ஒருமுறை காரைக் கால்வாயில் இறக்கியதிலிருந்து அது அவருடைய பர்ஸுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. ஓட்டப்போவது அம்மா.

அம்மாவும் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில்தான் இருந்தார். வாரநாட்களில் அங்கே பெட்டி கட்டுவார், சனி ஞாயிறுகளில் கல்யாணங்களுக்கு மேடை போடுவார். தூண்கள், ஜரிகைத் துணிகள், பூ வளைவு, மணமக்கள் உட்காரும் பெரிய நாற்காலி என்று சுவாவில் இருந்த எங்கள் வீட்டு முன்கூடம் எப்போதும் கல்யாணத்துக்குத் தயாராகவே இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு இடமில்லாமல் அந்த மணமக்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள்.

சாமான்களை ஏற்ற வாடகை லோரிதான் வைத்திருந்தோம். ஒரு ரப்பர் தோட்டத்துக் கல்யாணத்தில் அந்த லோரி வருவதற்குள் தாலியே கட்டி முடித்துவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வெறும் சுவரின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா எங்களை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொந்தமாக ஒரு டிரெய்லரும் அதை இழுக்க ஒரு பிக்-அப்பும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். லுக்குட்டில் ஒரு சீனர் டிரெய்லரை வெல்டிங் செய்து கொடுத்தார். இழுக்கத்தான் வண்டி இல்லை.

வண்டியைப் பற்றித்தான் அப்பாவும் மாமாவும் ஒவ்வொரு மாலையும் பேசினார்கள். பாரம் இழுக்க டீசல்தான், கொஞ்சம் எண்ணெயில் நிறைய தூரம் ஓடும், மேட்டில் மூச்சு வாங்காது என்பது மாமாவின் வாதம். டீசல் வண்டி வாங்கும்போதே விலை அதிகம், ஏதாவது கெட்டுப்போனால் ஒரே ரிப்பேரில் சொத்து போய்விடும், பெட்ரோல் வண்டி என்றால் எந்தப் பட்டறையிலும் சுலபமாகப் பார்த்துவிடுவார்கள் என்பது அப்பாவின் வாதம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காகிதப் பூக்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சிரம்பானில் பழைய வண்டி விற்கும் ஒருவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். அவரிடம் இரண்டு விதமும் இருந்தன. ஒரு வாரக்கடைசி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். அந்த ஞாயிறு கோலா பிலாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். போகும் வழியில் புக்கிட் புத்துஸ் மலை. புதுச் சாலை போட்ட பிறகும் ஏற்றம் ஏற்றம்தான். சனிக்கிழமை காலையில் டீசல் வண்டியில் மேடைச் சாமான்கள், திரும்பி வந்து பெட்ரோல் வண்டியில் நாற்காலிகள் என்று முடிவாயிற்று. ஒரே டிரெய்லர், ஒரே மலை, ஒரே ஓட்டுநர். அப்பா டீசலில் ஏறிக்கொண்டார், அதன் குறைகளைக் கண்டுபிடிக்க. மாமா அதே காரணத்துக்காகப் பெட்ரோல் வண்டியில் வருவதாகச் சொன்னார். பூ வளைவு நசுங்காமல் பிடித்துக்கொள்ள நான் பின்சீட்டில்.

டீசல் வண்டி தடதடவென்று பேசிக்கொண்டே வந்தது. மலையடியில் அப்பா ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். கரும்புகை வருகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குக்கூடப் புரிந்தது. புகை வரவில்லை. தூண்களும் நாற்காலியும் பின்னால் இருப்பதே தெரியாததுபோல் வண்டி ஒரே சீராக ஏறியது. அம்மா காலை அழுத்தியதாகவும் தெரியவில்லை. உச்சியைத் தாண்டும்போது அப்பா ஜன்னலை ஏற்றிவிட்டு, பரவாயில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சாமான்களுக்குக் காவலாக அப்பாவை மண்டபத்தில் இறக்கிவிட்டு நாங்கள் திரும்பினோம்.

பெட்ரோல் வண்டி சத்தமே போடவில்லை. குறை கண்டுபிடிக்க வந்த மாமா சிரம்பானைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். மலையில்தான் அது வாயைத் திறந்தது. அம்மா கியரைக் குறைக்கக் குறைக்க என்ஜின் கத்தியது. எங்களுக்குப் பின்னால் கார்கள் வரிசை கட்டின. ஏர்கோனை அடைத்தும் சூட்டு முள் மேலே ஏறிக்கொண்டே போனது. பாதி மலையில் பழம் விற்கும் ஒரு கொட்டகை ஓரமாக அம்மா வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்தார்.

எனக்கு அழுகை முட்டியது. நாற்காலிகள் போய்ச் சேராவிட்டால் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் நின்றுகொண்டே இருப்பார்கள், இந்தப் பெண்ணின் அம்மாவும் எதுவும் சொல்லாமல் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சூடு ஆறட்டும்லா, போயிடலாம்" என்றார். மாமா ரம்புத்தான் வாங்கி உரித்து உரித்து எனக்கும் கொடுத்து, தானும் தின்றுகொண்டே யோசித்தார். டீசல் கட்சிக்கு இதைவிட நல்ல நாள் வராது. ஆனால் கடைசிப் பழம் தீர்ந்தபோது அவர் வேறு ஆளாகியிருந்தார்.

மாதத்துக்கு இரண்டு கல்யாணம், மிஞ்சினால் மூன்று. அதற்கு டீசல் வண்டிக்கு அவ்வளவு கொடுத்தால், எண்ணெயில் மிச்சம் பிடித்து அதை எடுப்பதற்குள் வண்டியே துருப்பிடித்துவிடும் என்றார். வழியில் ஒருமுறை நின்று பழம் தின்றால் என்ன குறைந்துவிடும்? சீட்டு வேறு சுகமாக இருக்கிறது.

வண்டி ஆறியதும் மெதுவாக ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே மண்டபத்துக்குப் போய்விட்டோம். அங்கே அப்பா சமையல்காரரிடம் டீசலின் இழுவையைப் பற்றிக் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். மாமா இறங்கியதும் அப்பா, "மச்சான், நீங்க சொன்னதுதான் சரி" என்றார். "இல்ல மாப்பிள்ளை, நீங்க சொன்னதுதான் சரி" என்றார் மாமா. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு கட்சி மாறி அதே சண்டையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்தச் சண்டையைச் சுற்றிச் சுற்றி அம்மா மேடையைக் கட்டி முடித்தார்.

ஞாயிறு காலை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பூ வளைவின் கீழே மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்ததும், அவளுடைய அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பந்தி முடிந்ததும் மாமா அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தன் கணக்கை அழகாகச் சொன்னார். இப்போது நினைத்தாலும் அதில் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவு குறைவாக ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல்தான் லாபம்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீசல் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"கணக்கு ஒத்து வராதும்மா" என்றார் மாமா.

"ஒத்து வர்ற அளவுக்கு ஓட்டுறேன்ணே."

மாமா சிரித்தார். தங்கைக்குக் கணக்கு வராது என்று அவர் சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்தவர். நானும் அவர் பக்கம்தான். அம்மாவுக்கு டீசல் வண்டியின் உயரமான சீட்டு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கட்சி ஜெயித்தும் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டிரெய்லர் கயிற்றை இழுத்துக் கட்டப் போனார்.

மறு வருடம் அம்மா தொழிற்சாலை வேலையை விட்டு, முழுநேரமும் மேடை போடத் தொடங்கினார். அதை அப்பா அன்றைக்கே தெரிந்துகொண்டார் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அந்த ஞாயிறு நாற்காலிகளைப் பெட்ரோல் வண்டியில் வீட்டில் இறக்கிவிட்டு, மேடைச் சாமான்களை எடுக்க டீசல் வண்டியில் மறுபடியும் போய்த் திரும்பும்போது அது தடதடவென்று மலை ஏறிக்கொண்டிருந்தது. இந்த வண்டி இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பகாவ், ரொம்பின், கெமாஸ், சிகாமட் என்று ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அங்கெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் போலும், இத்தனை நாள் யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.