சித்திக்கு நான் நோர்வீஜியம் படிப்பித்தது

ஒன்பது வயதில் நான் நோர்வீஜிய மொழி ஆசிரியையாக இருந்தேன். அந்த மொழி எனக்குத் தெரியாது என்பதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

என் ஒரே மாணவி சித்தி, அம்மாவின் தங்கை. பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேல் பகுதியில், எங்கள் வீட்டில்தான் இருந்தார். டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் அவருக்கு வேலை. ஒஸ்லோவில் இருந்து அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள். சித்திக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது இடியப்பம் பிழியும்போது அவர் பாடிய பாட்டிலேயே தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை ஒன்றை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லியிருந்தார்: மகளுக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அந்த மகளுக்கோ தமிழ் வராது. வீடியோவில் சித்தியின் முகம் தெரிந்தாலே எழும்பி ஓடிவிடுவாள்.

ஓடட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். சித்தி எங்களை விட்டுப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவரோடு கதைப்பதை நிறுத்தியிருந்தேன். வழக்கமாக அவர்தான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவார். அதற்கும் அம்மாவிடம் போய் நின்றேன். அப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த ஒரு பின்னேரம், சித்தி ஒரு பாடப்புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு இது ஒண்டும் விளங்குதில்லையடி. நீ பிரெஞ்சிலை கெட்டிக்காரியெல்லே, ஒருக்காச் சொல்லித்தாவன்.”

கெட்டிக்காரி என்றதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. புத்தகத்தைப் பறித்துப் பார்த்தேன். பெயரடைப் பாடம். அழகான பூனை, அழகான கார் என்றால் ‘ஃபீன்’. வீடு வேறு பாலைச் சேர்ந்த சொல், ஆகவே அதற்கு ‘ஃபீன்ட்’ என்று ஒரு வால் முளைக்கும். பல வீடுகள் என்றால் ‘ஃபீனெ’. பெயருக்கு ஏற்றபடி பெயரடையை மாற்றுவது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தண்ணி பட்ட பாடு. அப்பாவுக்குத்தான் இதெல்லாம் வீண்வேலையாகப் பட்டது.

“எங்கட தமிழிலை நல்ல பூனை, நல்ல வீடு, நல்ல பிள்ளையள். ஆருக்கும் ஒரு கரைச்சலில்லை,” என்றுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்.

சித்தி சரியான மக்கு. வீட்டுக்கு வால் வைக்க மறந்துபோவார். நினைவூட்டினால் காருக்கும் சேர்த்து வைத்துவிடுவார். நான் அகப்பையால் மேசையில் தட்டித் தட்டித் திருத்துவேன். அவர் வெங்காயம் உரித்தபடி, “ஓம் ரீச்சர்” என்பார்.

ஒரு சனிக்கிழமை இருவரும் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் கண்டதையெல்லாம் ‘ஃபீன்’ சேர்த்து நோர்வீஜியத்தில் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வீடு, கார், மரம், பிள்ளைகள். ஒரு பிழை இல்லை. என் படிப்பித்தலை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த நாள்தான் ஒஸ்லோவோடு கதைக்க இருந்தோம்.

ஞாயிறு காலை, கமராவில் படாமல் சித்தியின் காலடியில் குந்திக்கொண்டேன். திரையில் அந்தப் பிள்ளை ஒரு குஷனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். தகப்பன் ஏதோ கெஞ்சிக் கேட்க, தான் கீறிய வீட்டுப் படத்தைக் கைமட்டும் நீட்டிக் காட்டினாள்.

“ஃபீன் ஹூஸ்,” என்றார் சித்தி. வால் இல்லை! அவர் காலில் கிள்ளினேன். பெரிய வீடு என்பதற்கு, “ஸ்டூர் ஹூஸ்” என்றார். அதற்கும் வால் இல்லை.

குஷன் மெல்லக் கீழே இறங்கியது. “ஸ்டூர்ட்!” என்றாள் பிள்ளை.

சித்தி தலையில் கை வைத்து, மறுபடியும் பிழையாகவே சொன்னார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எழும்பி ஓடினாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சப்பாத்து, புத்தகம், பொம்மைக் குதிரை என்று கை நிறைய அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். சித்தி பிழைவிட, விரலை ஆட்டி ஆட்டித் திருத்தினாள். பின்னால் இருந்த தகப்பன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரை அணைந்ததும் நான் வெடித்தேன். “நேற்று பஸ்ஸிலை எல்லாம் சரியாச் சொன்னனீங்கள்தானே! என்ரை மானமே போச்சு!”

“ஓம் ரீச்சர், மறந்துபோனன்,” என்று சித்தி என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்கள் நனைந்திருந்தன. தோற்றுப்போன கவலை என்று நினைத்து, பெரிய மனதோடு அவரை மன்னித்தேன்.

இவ்வளவு மோசமான மாணவியை அந்தப் பிள்ளை எப்படி ஏற்றுக்கொண்டாள் என்பது எனக்குப் புதிராகவே இருந்தது. கலியாணம் முடிந்து விமானம் ஏறப் போனபோதும், வாலை மறக்க வேண்டாம் என்றுதான் அவர் காதில் சொல்லி அனுப்பினேன். அன்று அவர் வேண்டுமென்றே தோற்றார் என்பது, வளர்ந்த பிறகு தானாகவே எனக்கு விளங்கியது.

என் கெட்டிக்காரத்தனம் அதோடு நின்றுவிட்டது. மிச்சத்தைப் போன மாதம் அம்மாதான், கீரை ஆய்ந்துகொண்டே, போகிற போக்கில் சொன்னார்.

“உன்னட்டை வர முதலே அவள் வேலைக்குப் போற பஸ்ஸிலை இருந்து அந்தப் புத்தகத்தை முழுக்கப் படிச்சு முடிச்சிட்டாள். நீதானே அப்ப அவளோடை கதைக்காமல் இருந்தனீ.”